பின் சீட்டுக்குத்தான் தெரியும்

மார்ச் முடிந்து, ஆடிட்டும் முடிந்து, இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கு. இங்கே எழுதி நாலு மாசம் ஆச்சு. இந்தத் தடவை பேங்க் புலம்பல் கிடையாது, கார் புலம்பல். அதுவும் காருக்கு அடியில், பின்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கிற ரெண்டு ரப்பர் துண்டு பற்றி. ஓடிப் போயிடாதீங்க, நடுவில் நம்ம தொழில் கணக்கும் வருது.

எழுத வைத்தது போன மாசம் நடந்த ஒரு விஷயம். நாக்பூரில் இருக்கிற நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கார் லோனுக்காக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் இருக்கிற பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு புதுசு வாங்கப் போகிறார். "பழசுக்கு என்ன சார் ஆச்சு?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஸ்பீட் பிரேக்கர் ஏறினா பின்னாடி டொக்கு டொக்குனு சத்தம் சார். ஒர்க்‌ஷாப்ல பெரிய தொகை சொல்றான். அந்த வண்டிக்கு அவ்வளவு செலவு பண்ணணுமா? வீட்லயும் பயப்படறாங்க" என்றார்.

எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும். எட்டு மாசம் கேட்டிருக்கேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்படி. சம்பளச் சான்று சரி, சிபில் சரி, தகுதி இருக்கு. ஏழு வருஷ லோன், சாங்‌ஷன் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

எங்கள் கார் 2012-ல் வாங்கின பெட்ரோல் ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நடந்தது கம்பெனியின் குற்றம் இல்லை, வயசின் குற்றம். கோயம்புத்தூரில் இருந்தபோது வாங்கியது. அப்புறம் டிரான்ஸ்ஃபரில் நாக்பூர். என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபடி டாக்ஸ் கட்டி, டி.என். நம்பரை எடுத்துவிட்டு எம்.ஹெச். நம்பர் மாட்டினோம். அந்த பிளேட்டைக் கழற்றின அன்றைக்கு என் பொண்ணு அழுதது தனிக்கதை.

சொந்த ஊர் திண்டுக்கல். வேடிக்கை என்னவென்றால், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிற என்.ஹெச். 44 நாக்பூரையும் தொடுது, திண்டுக்கல்லையும் தொடுது. வீட்டிலிருந்து கிளம்பி ஏறினால் ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூர், சேலம் என்று ஒரே ரோடுதான். சுமார் 1,450 கி.மீ. கர்னூலில் ராத்தங்கல். அம்மாவுக்கு முட்டி வலி, ரயில் படி ஏறி இறங்க முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவை இங்கே கூட்டி வந்து ரெண்டு மாசம் வைத்துக்கொள்வதே இந்தக் காரை நம்பித்தான்.

2024 ஆரம்பத்தில் அந்தச் சத்தம் வந்தது. ஸ்பீட் பிரேக்கரில் பின் சக்கரம் இறங்கும்போது ஒரு 'டொக்'. என் பொண்ணுதான் முதலில் சொன்னாள். "அப்பா, பின்னாடி ஏதோ உருளுது." டிக்கியில் ஜாக்கி ஆடுதோ என்று அதைத் துணியில் சுற்றி வைத்தேன். ரெண்டு நாள் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. (நிற்கலை. நான் கேட்கிறதை நிறுத்தினேன்.) அப்புறம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கும் வைத்தியம். இப்படியே எட்டு மாசம்.

2024 தீபாவளி முடிந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறோம். அனந்தபூர் பக்கம் நல்ல பக்கவாட்டுக் காற்று. 90-ல் ஒரு லாரியைத் தாண்டிவிட்டு இடது பக்கம் திரும்ப வந்தேன். முன்பக்கம் வந்தது. பின்பக்கம் ஒரு நொடி யோசித்துவிட்டு, அப்புறம் ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்துத் தள்ளின மாதிரி. ஸ்டியரிங்கை நான் திருப்பவே இல்லை, ஆனால் வண்டி திரும்பியது. உள்ளங்கை வேர்த்துப் போச்சு.

வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினேன். அப்போது அம்மா மெதுவாகச் சொன்னது: "ஏப்பா, வண்டி ரொம்ப நாளா பின்னாடி ஆடுதுப்பா. போன வருசமே முதுகெல்லாம் இடிச்சுச்சு. சொன்னா நீ செலவுக்கு எங்க போவேன்னு சொல்லல."

முன் சீட்டில் மூணு பேர் கேட்காத சத்தத்தை பின் சீட்டில் இருந்தவர் ஒரு வருஷமாக முதுகில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எழுத நினைத்தேன். ஆனால் முன் சீட்டில் ரெண்டு பேர்தானே. பின் சீட்டில் இருந்த பொண்ணும் சொன்னாள்தான். கேட்காதது நான் ஒருத்தன் மட்டும்.

அங்கேயிருந்து நாக்பூர் வரைக்கும் 70-ஐத் தாண்டவில்லை.

* * *

புஷ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நான் புரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறேன். பி.காம். படித்தவன் சொல்கிற மெக்கானிக்கல், பொறுத்துக்கொள்ளவும்.

நம்ம ஊரில் ஓடுகிற சின்ன கார் பலவற்றில் பின்பக்கம் 'டார்ஷன் பீம்' என்கிற அமைப்பு. குறுக்கே ஒரு இரும்பு உத்தரம், ரெண்டு நுனியிலும் முன்னோக்கி ஒவ்வொரு கை. அந்தக் கை கார் பாடியோடு சேருகிற இடத்தில்தான் புஷ். உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ரெண்டையும் ஒட்டிப் பிடித்த ரப்பர். சக்கரம் மேலே கீழே போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். இரும்பும் இரும்பும் நேராக மோதாமல் பார்த்துக்கொள்கிற வேலை. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம், சத்தம் போடாமல் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஆனால் ரப்பர் ரப்பர்தான். வெயில், சூடு, ஓயாத முறுக்கல் எல்லாம் சேர்ந்து விறைத்துப் போய் வெடிக்கும். மே மாசம் 45 டிகிரி தாண்டுகிற நாக்பூரில் கேட்கவே வேண்டாம். ரப்பர் கிழிந்ததும் இரும்பு இரும்பில் இடிக்கும். அதுதான் அந்த 'டொக்'. சத்தம் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். மொத்தப் பின் ஆக்ஸிலையும் காரோடு நேராகப் பிடித்து வைத்திருப்பது இந்த ரெண்டு புஷ்தான். அது தளர்ந்தால் வளைவிலும், லேன் மாறும்போதும், பிரேக் போடும்போதும் ஆக்ஸிலே கொஞ்சம் நகரும். அதாவது பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு லேசாக ஸ்டியரிங் பிடிக்கும். அனந்தபூரில் எனக்கு நடந்தது அதுதான்.

ஊர் வந்ததும் முதலில் போனது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். ஏ.சி. ரூம், காபி எல்லாம் உண்டு. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் நீட்டினார்கள். 23,800 ரூபாய். பின் ஷாக் அப்சார்பர் ரெண்டு, ஸ்பிரிங் ரெண்டு, மவுண்ட், இன்னும் என்னென்னவோ. "புஷ் போயிருக்குமா?" என்று கேட்டேன் (நெட்டில் படித்துவிட்டுப் போயிருந்தேன்). "எல்லாம் மாத்தினா சத்தம் போயிடும் சார்" என்று பதில். எது போயிருக்கு என்பதற்குப் பதில் இல்லை. அங்கேயே இன்னொருத்தர் வந்து, "இவ்வளவு செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்ச் யோசிக்கலாமே, ஒண்ணரை லட்சம் வரைக்கும் வாங்கித் தர்றேன்" என்றார்.

வீட்டில் பஞ்சாயத்து. என் மனைவி சொன்னது இது: "ஏங்க, ரோட்டுல அப்படி ஆடின வண்டியில இனிமே அத்தையையும் புள்ளையையும் ஏத்திட்டுப் போகணுமா? ஊருக்கெல்லாம் லோன் குடுக்கறீங்க, நமக்கு ஒண்ணு போட முடியாதா?" நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது பதில் இல்லை.

பதில் வார்தா ரோடு பக்கம் ஒரு தகர ஷெட்டில் கிடைத்தது. எங்கள் பிராஞ்ச் டிரைவர் காட்டின இடம். மெக்கானிக் பையா முதலில் டிக்கிப் பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகல் இருக்கா என்று துணியால் துடைத்துப் பார்த்தார். இல்லை. அப்புறம் வண்டியை பிட்டில் ஏற்றி, ஒரு நீளக் கம்பியை அந்தக் கைக்கும் பாடிக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். என்னையும் கீழே கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் உள்குழாயை விட்டுப் பிரிந்து, வாய் பிளந்த மாதிரி நின்றது. "ஷாக்கர் டீக் ஹை சாப். புஷ் கயா." ஷாக் அப்சார்பர் நல்லா இருக்கு, புஷ்தான் போச்சு. அவ்வளவுதான் டயக்னோசிஸ். பத்து நிமிஷம், ஒரு கம்பி, ஒரு டார்ச்.

வேலை அரை நாள். நான் லீவ் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் செய்யும்போது கவனிக்க வேண்டிய ஐந்தை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ரெண்டு பக்கமும் சேர்த்து மாற்றணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ரெண்டு, ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடக் கூடாது. கிளிப்பைக் கழற்றிவிட்டு, அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்துத்தான் இறக்கணும்.

மூணு, புஷ்ஷுக்குத் திசை உண்டு. பழசு எப்படி நின்றது என்று பெயின்ட்டால் குறி வைத்துவிட்டு, அதே திசையில் புதுசை அழுத்தணும். சுத்தியலால் அடிக்காமல், பிரஸ் அல்லது புல்லர் போட்டு ஏற்றணும்.

நாலு, வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணிதான். எண்ணெயும் கிரீஸும் அந்த ரப்பருக்கு ஆகாது.

ஐந்து, இதுதான் முக்கியம். போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி நாலு சக்கரத்திலும் தன் எடையோடு நிற்கும்போது. சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கினதும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிற்கும். புது புஷ் சீக்கிரமே கிழியும். "போன வருஷம்தான் மாத்தினேன், மறுபடி போச்சு" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பில்: கம்பெனி புஷ் ரெண்டு 1,720. கூலி 2,000. வெளியே வீல் அலைன்மென்ட் 450. மொத்தம் 4,170 ரூபாய்.

* * *

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். "ஒண்ணரை லட்சம் கூடப் போகாத வண்டிக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியே தப்பு. ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது, வாடகை வீட்டில் ஒழுகுகிற குழாயை அட்வான்ஸ் தொகையோடு ஒப்பிடுகிற மாதிரி. நான் அந்த ஒண்ணரை லட்சத்தில் பயணம் போகவில்லை. வண்டியில் போகிறேன். ஒப்பிட வேண்டியது, இதே வேலையைச் செய்ய இன்னொரு வண்டிக்கு என்ன ஆகும் என்பதோடு.

அந்தக் கணக்கைப் போடுவதுதானே என் பிழைப்பு, போட்டுப் பார்த்தேன். ஏழரை லட்சம் லோன், 9 சதவீதம், ஏழு வருஷம். மாசம் 12,067 ரூபாய் இ.எம்.ஐ. வட்டி மட்டும் ஏழு வருஷத்தில் 2,63,000 சொச்சம். முன்பணம் தனி. என் பழைய வண்டிக்கு 2022 முதல் 2024 வரை கிளட்ச், டயர், பேட்டரி, ஏ.சி., இந்த புஷ் எல்லாம் சேர்த்து நோட்டில் எழுதி வைத்திருப்பது 58,000 ரூபாய். மாசத்துக்கு 1,611. ரெகுலர் சர்வீஸும் இன்சூரன்ஸும் ரெண்டு வண்டிக்கும் உண்டு, அதனால் சேர்க்கவில்லை. அந்த வித்தியாசம் என் பொண்ணு காலேஜுக்குப் போகிறது.

இன்னொன்று. 'வண்டி பழசாயிடுச்சு' என்கிறோம். வண்டி மொத்தமாக ஒரே வேகத்தில் பழசாவதில்லை. இது இன்சூரன்ஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஜீரோ டெப் இல்லாத சாதாரண பாலிசியில் விபத்து க்ளெய்ம் போட்டால், ரப்பர், நைலான், பிளாஸ்டிக் சாமானுக்கு முதல் நாளிலிருந்தே 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். இரும்புக்கு முதல் ஆறு மாசம் ஒன்றும் கழிப்பதில்லை. பத்து வருஷம் தாண்டினால்தான் அதுவும் 50. இரும்பும் ரப்பரும் வேற வேற வயசு என்று தேய்மான அட்டவணையே சொல்லுது. நாம்தான் ரப்பரின் வயசை இரும்பின் தலையில் கட்டி வண்டியைத் தள்ளி விடுகிறோம்.

என் மனைவியின் கேள்வியை மறக்கவில்லை. புது வண்டி வாங்க நல்ல காரணங்கள் உண்டு. உங்கள் பழைய வண்டியில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை என்றால், நீங்கள் நெடுந்தூரம் குடும்பத்தோடு போகிறவர் என்றால், அது உண்மையான காரணம். எங்கள் வண்டியில் ரெண்டும் இருந்தது. 2012-ல் அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தபோது சிரித்தவர்கள் உண்டு. பாடியின் அடித்தளம் துரு ஏறி, புஷ் மாட்டுகிற இடமே அரித்திருந்தால் அதுவும் காரணம்தான், அங்கே ரப்பர் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. வண்டி வயசுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிற டெல்லி பக்கத்தவர்களின் கணக்கும் வேற. எங்கள் வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருஷம் முடியும். ஆர்.சி. புதுப்பிக்க ஃபிட்னஸுக்குக் காட்டணும். அதில் தேறாவிட்டால் நானும் வரிசையில் நிற்பேன். ஆனால் 'சத்தம் வருது' என்பது மட்டும் ஏழு வருஷ லோனுக்குக் காரணம் ஆகாது. அது என்ன சத்தம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் காரணம்.

பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது, அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டலாம் என்று சொல்வதல்ல. நான் செய்தது ரெண்டாவது. பேங்கில் ஒரு கணக்கு தவணை தவறினால் முப்பது நாளுக்குள் எஸ்.எம்.ஏ. பூஜ்யம், அறுபதுக்குள் ஒன்று, தொண்ணூறுக்குள் ரெண்டு, தாண்டினால் என்.பி.ஏ. என்று வரிசையாக மணி அடிப்போம். கடன்காரருக்கு போன் மேல் போன் போடுகிற நானே, என் வண்டி அடித்த மணியை எட்டு மாசம் பாட்டு போட்டு அமுக்கியிருக்கேன். 4,170 ரூபாயில் முடிகிற வேலைக்கு அனந்தபூரில் நாலு உயிரை ஈடு வைத்திருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கு.

அதனால் வெளியூரில் பழைய வண்டி வைத்திருக்கிற நம்ம மக்களுக்கு ரெண்டே வேண்டுகோள். ஒர்க்‌ஷாப்பில் "எல்லாம் மாத்தணும்" என்று சொன்னால், "எது போயிருக்குன்னு கம்பி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பாஷை தெரியலை என்று கூச்சப்படாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் கிழிந்த ரப்பருக்கு பாஷை வேண்டாம். காட்ட மாட்டேன் என்றால் வேற இடம் பாருங்கள்.

ரெண்டாவது, ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை வேற யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குங்கள். பின் புஷ் தளர்வது ஓட்டுகிறவனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. பின்னாடி உட்கார்கிறவர்களோ பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள். பிள்ளைகள் சொன்னால் நாம் கேட்பதில்லை. பெரியவர்கள் நம்ம செலவை நினைத்துச் சொல்வதே இல்லை.

2025 தீபாவளிக்கும் அதே ரோட்டில் போய் வந்தோம். அனந்தபூர் பக்கம் அதே காற்று, லாரியைத் தாண்டும்போது கை தானாக இறுகியது. வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. கர்னூல் வந்து இறங்கினதும் அம்மாவிடம் கேட்டேன், "முதுகு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத் தூங்கிட்டேன்ப்பா. எந்த ஊரு இது?" என்றார்.

பின்குறிப்பு: லோன் வாங்கின அந்த நண்பர் புது வண்டியை எடுத்துவிட்டார், இனிப்பும் கொண்டுவந்து கொடுத்தார். சந்தோஷமாக இருக்கார், நல்லா இருக்கட்டும். அடுத்த தடவை யாராவது சத்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், ஃபார்ம் கொடுப்பதற்கு முன்னால் அந்த தகர ஷெட்டுக்கு வழி சொல்லலாம் என்றிருக்கேன். எங்கள் ரீஜனல் மேனேஜருக்குத் தமிழ் படிக்க வராது என்கிற தைரியம்தான் :-)